கன்னத்துக் கட்டியும் முதல் ஓலையும்

கிழக்குத் தாம்பரம்,
1972 ஆகஸ்ட், திங்கட்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மூத்த மச்சான் தனசிங் அவர்களுக்கு,

உங்கள் தங்கை ரத்தினபாயின் புருஷனும், செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டையராகி இப்போது வீட்டில் யாருக்கும் ஹெட்டாக இல்லாதவனுமாகிய தேவானந்தம் எழுதிக்கொள்வது. உங்கள் சுகத்தையும் மதினி சுகத்தையும் நாசரேத்தில் இந்த வருஷமாவது மழை உண்டா என்பதையும் அறிய ஆவல். இவ்விடம் தேவ கிருபையால் எல்லாரும் சுகம். என்னை மட்டும் சுகத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று கொஞ்ச நாளாகச் சபையே கூடி விசாரித்துக்கொண்டிருந்தது. அந்த விசாரணை இன்றோடு முடிந்தது. உங்கள் தங்கை போன மாதம் போட்ட கார்டில், எனக்கு வாயில் கட்டி, மகள் அமலராணிக்கு முதல் கல்யாண ஓலை வாசித்தாயிற்று, தக்காளி விலை ஏறிவிட்டது என்று மூன்றையும் ஒரே மூச்சில் எழுதியதாகச் சொன்னாள். அதற்கு நீங்கள் எழுதிய பதிலும் வந்தது. "பயப்பட வேண்டாம், அவசியப்பட்டால் நானே பெண்ணை அழைத்துக்கொண்டுபோய் கோயில் ஆல்டர் முன்னால் ஒப்படைக்கிறேன், கோட்டு தைக்கக் கொடுத்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் நல்ல மனசுக்கு நன்றி. ஆனால் நான் உயிரோடு இருக்கும்போதே என் இடத்துக்கு அளவெடுத்துத் துணி வெட்டுவது கொஞ்சம் அவசரம் என்று எனக்குத் தோன்றியது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஈஸ்டர் கழிந்து வெயில் ஏறின சமயத்தில், இடது கன்னத்துக்கு உள்ளே, கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, நாக்கில் ஏதோ தட்டுப்பட்டது. மிளகு மாதிரி. சாப்பிட்டதில் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நாக்கால் தள்ளினேன், போகவில்லை. குச்சியால் நெம்பினேன், போகவில்லை. வலித்தாலாவது ஒரு மரியாதை உண்டு, இது வலிக்கவும் இல்லை. அது இருக்கிறது என்று தெரிந்த பிறகு நாக்குக்கு வேறு வேலையே இல்லாமல் போயிற்று. வேதம் வாசிக்கும்போது அங்கே, சாப்பிடும்போது அங்கே, ஆராதனையில் பிரசங்கம் கேட்கும்போதும் அங்கே. குருவானவர் ஒருநாள் பிரசங்கத்தை நிறுத்தி என்னையே பார்த்தார். அவருக்கு நான் கன்னத்தை உப்பிக் கேலி பண்ணுவதுபோல் தெரிந்திருக்கிறது. அது பட்டாணி அளவு ஆனபிறகுதான் ரத்தினபாயிடம் சொன்னேன். அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து, "ஆ காட்டுங்க" என்றாள். காட்டினேன். "நாக்கை உள்ள இழுங்க" என்றாள். இழுத்தேன். நன்றாகப் பார்த்துவிட்டு, "பொகையிலையை அந்தப் பக்கந்தானே அடக்கி வைப்பீங்க?" என்று கேட்டு டார்ச்சை அணைத்துவிட்டாள். உங்கள் தங்கைக்கு வைத்தியம் தெரியாது, ஆனால் குற்றவாளியைக் கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அன்றைக்கே என் வெற்றிலைப் பெட்டி பீரோவுக்குள் போய்ப் பூட்டப்பட்டது. உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். மாசிக்காயை இழைத்துத் தடவினாள். தேன் தடவினாள். கட்டி அத்தனையையும் ருசி பார்த்துவிட்டுத் தன்பாட்டுக்கு இருந்தது.

அடுத்த வைத்தியர் பக்கத்து மனைக்காரர் முனிரத்தினம். ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர் நிலமாக இருந்ததைத்தான் பிளாட் போட்டு எங்களுக்கெல்லாம் விற்றார் என்று முன்பே எழுதியிருக்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "இன்னா சார், கன்னத்த அப்பிடியே புட்சிகினு நிக்கிறீங்க, பல்லு நோவா?" என்று கேட்டார். பல் இல்லை, கட்டி என்றேன். "அதுவா, அது சூடு சார். ஒடம்புல சூடு ஏறிப்பூட்சின்னா அது எங்கனா வழி தேடும். உங்க்ளுக்கு வாயாண்ட வந்துகீது. நல்லெண்ண ஒரு வாயி ஊத்திக் கொப்புளிங்க, நொர கக்குற வரிக்கும் துப்பாதீங்க" என்றார். கொப்பளித்தேன். நுரை வருவதற்கு முன்னால் தபால்காரன் கூப்பிட்டான், பதில் சொல்ல வாயைத் திறக்கப்போய் அவ்வளவையும் விழுங்கிவிட்டேன். அதன் பலன் கன்னத்தில் தெரியவில்லை, வேறு இடத்தில் இரண்டு நாள் தெரிந்தது. மறுபடி வேலியோரம் வந்து, "கவலப்படாதீங்க சார், என் மச்சானுக்கும் இதே மாதிரி, இதே எடத்துல வந்துச்சு" என்றார். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்து, "இப்ப அவரு எப்படி இருக்காரு?" என்று கேட்டேன். "அவரு பூட்டாரு சார். ஆனா நோவுதுன்னு ஒரு வார்த்த சொன்னதில்ல, அப்டி ஒரு மன்சன்" என்றார். அதோடு வேலிப்பக்கம் போவதை நிறுத்திவிட்டேன்.

மார்க்கெட் பக்கம் ஒரு டாக்டர். நாடியைப் பிடித்தார், வாயைப் பார்த்தார், வைட்டமின் குறைவு என்று மாத்திரை எழுதினார், ஊதா மருந்தைப் பஞ்சில் தோய்த்து வாய் முழுக்கப் பூசினார். பல், நாக்கு, உதடு எல்லாம் கத்தரிக்காய் நிறம். இது நடந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மறுநாள்தான் அமலராணி கல்யாணத்துக்குக் கோயிலில் மூன்று முறை வாசிக்கிற அறிவிப்பில் முதல் ஓலை. மாப்பிள்ளை வீட்டார் பல்லாவரம் சபைக்காரர்கள். ஆனாலும் சம்பந்தி லாசரஸ் மரியாதைக்காக மனைவியோடு நம் சபைக்கே ஆராதனைக்கு வந்திருந்தார். வாசலில் அவர்களைப் பார்த்ததும் நான் கைகூப்பி வாய் நிறையச் சிரித்தேன். சம்பந்தியம்மாள் ஒரு அடி பின்னால் போய்விட்டார்கள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் கோயில் வாசலில் ஜெப விண்ணப்பச் சீட்டுப் போட ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். யார் யாருக்கு என்ன கஷ்டம் என்று எழுதிப் போட்டால், குருவானவர் அறிவிப்புகளோடு சேர்த்து வாசித்து ஜெபிப்பார். உங்கள் தங்கை எனக்குத் தெரியாமல் ஒரு சீட்டு எழுதிப் போட்டிருக்கிறாள். பேர் போடாதே என்று சொல்ல எனக்குச் சந்தர்ப்பமே இல்லை. குருவானவர் ஓலைத்தாளையும் அந்தச் சீட்டையும் ஒரே குடும்பம் என்று ஒரே குண்டூசியில் குத்தி வைத்துக்கொண்டார். எழுந்து நின்றார். தேவானந்தம் குமாரத்தி அமலராணிக்கும் லாசரஸ் குமாரனுக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, இவர்கள் சேருவதற்கு யாதொரு தடை உண்டென்று அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடவர்கள் என்று வாசித்து, வழக்கம்போல் கொஞ்சம் நிறுத்தினார். தாளைத் திருப்பினார். "பெண்ணின் தகப்பனார் வாயில் கட்டி" என்று வாசித்தார்.

மச்சான், அந்த நிமிஷத்தில் தரை திறந்திருந்தால் நான் மறுப்புச் சொல்லாமல் இறங்கியிருப்பேன். பாடகர் பெஞ்சில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். லாசரஸ் மெல்லத் திரும்பி என் வாயைப் பார்த்தார். அது ஊதாவாக இருந்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ரிட்டையர்டு ஹெட்மிஸ்ட்ரஸ் ஞானசௌந்தரி அம்மாள் வேப்பமரத்தடியில் என்னை நிறுத்தி, ஒண்ணாம் கிளாஸ் பிள்ளையிடம் சொல்லுவதுபோல், "வாயைத் திறங்க, பெரிசா" என்றார்கள். அவர்கள் பார்த்த பிறகு மற்றவர்களுக்கு எப்படி மாட்டேன் என்பது? சபையில் பாதிப் பேர் வரிசையாகப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போனவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று தங்கள் வாயையும் பார்த்திருக்கிறார்கள். ஒரு வாரத்துக்குள் கிழக்குத் தாம்பரத்தில் கட்டி இல்லாத கிறிஸ்தவன் இல்லை என்று ஆகிவிட்டது. பாடகர் ஒருவர் நாக்கின் அடிப்புறத்தில் வரிசையாகப் பரு பருவாய் இருக்கிறது என்று அழுதார். அது எல்லாருக்கும் பிறவியிலேயே இருப்பது என்று பல் டாக்டர் சொல்லி அனுப்பினாராம். பொருளாளருக்கு மேல் அண்ணத்தில் கல் மாதிரி ஒரு மேடு. அதுவும் எலும்புதானாம், அவர் பால்குடிக்கிற காலத்திலிருந்தே இருந்திருக்கும். இன்னொருவருக்கு உதட்டைக் கடித்ததில் எச்சில் சேர்ந்து நீர்க்குமிழி மாதிரி வீங்கி, தானே உடைந்து போயிற்று. மூன்று பேருக்கும் ஒன்றுமில்லை. ஆனாலும் மூன்று பேரும் என்னைக் கண்டால் அந்தக் கட்டிகளை நான்தான் கொடுத்ததுபோல் பார்க்கிறார்கள்.

அந்தப் பல் டாக்டரிடம் நானும் போனேன். பொறுமையான மனிதர். கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து கூராக நிற்கிறது, கன்னத்தை உரசுகிறது என்று அதை அரத்தால் ராவிவிட்டார். "ரெண்டு வாரம் பாருங்க சார். கொறையலேன்னா ஒரு நாள்கூடத் தள்ளாம பெரிய ஆஸ்பத்திரியில காட்டிடுங்க. பொகையிலை போட்ட வாய் வேற" என்றார். அவர் சொன்ன வாரங்கள் வந்தன, போயின. கல்யாண வேலை இருந்தது. கட்டி குறையவில்லை. யாராவது கேட்டால் வற்றிவிட்டது என்றேன்.

அப்போதுதான் லாசரஸ் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்தார். மழையைப் பற்றிப் பேசினார். ரயில் நேரத்தைப் பற்றிப் பேசினார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தப்பா நெனைக்காதீங்க சார், கல்யாணத்தைக் கொஞ்சம் முன்னால வச்சிக்கலாமா? ஒரு துக்கம்னு ஆயிட்டா அப்புறம் வருஷம் தள்ளிப்போயிரும். பையனுக்குப் பம்பாய்க்கு வேற மாத்தல் வரும்போல இருக்கு" என்றார். "நான் எதுவரைக்கும் இருப்பேன்னு கேக்கறீங்களா?" என்றேன். "சேச்சே, என்ன சார் இது! சும்மா ஒரு உத்தேசமா" என்றார். கல்லறையிலிருந்து எழுந்து வந்தவரின் பேரை வைத்துக்கொண்டு இந்த மனிதர் என்னை உள்ளே அனுப்புவதற்குத் தேதி கேட்கிறார், மச்சான். கோபம் வந்தது, ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை என்றும் தோன்றியது, அதனால் இன்னும் கோபம் வந்தது. செப்டம்பர் கடைசியில் இருந்த கல்யாணத்தை முதல் வாரத்துக்குக் கொண்டுவரச் சம்மதித்தேன். அவர் போனதும் அமலராணி சமையல்கட்டிலிருந்து வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அப்பா, கல்யாணம் நடக்காட்டாலும் பரவாயில்ல. நீங்க நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரலேன்னா, மூணாம் ஓலை அன்னிக்கு நானே எழுந்து நின்னு தடை இருக்குன்னு சொல்லிடுவேன்" என்றாள். என்னை இப்படி மிரட்டும் அளவுக்கு அவள் வளர்ந்தது எப்போது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் எலெக்ட்ரிக் ரயிலில் மூவரும் பட்டணம் போனோம். பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு, அதில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் வாய்தான் வியாதி. எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள், அதனால் அவ்வளவு அமைதியான பெஞ்சை நான் எந்த ஆபீஸிலும் பார்த்ததில்லை. எனக்குப் பக்கத்தில் என் வயசுக்காரர் ஒருவர், தாடையைச் சுற்றி வேட்டியைக் கிழித்துக் கட்டியிருந்தார். பேச்சு வரவில்லை, கையில் சிலேட்டு. என் கன்னத்தைப் பார்த்து, வலிக்கிறதா என்று எழுதிக் காட்டினார். இல்லை, சின்னதுதான் என்றேன். துடைத்துவிட்டு, நானும் அப்படித்தான் இருந்தேன் என்று எழுதினார். நான் சுவரில் ஒட்டியிருந்த குடும்பக் கட்டுப்பாடு விளம்பரத்தையே படித்துக்கொண்டிருந்தேன். என் முறை வந்தது. டாக்டர் விரலை விட்டு அழுத்திப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார். "பொகையிலை உண்டா?" என்று கேட்டார். நான் எப்போதாவது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் உங்கள் தங்கை, "காலைல எழுந்ததும் வேதம் டாக்டர், வேதத்துக்கப்புறம் பொகையிலை, ராத்திரி வேதத்துக்கு முன்னால மறுபடி பொகையிலை" என்று சாட்சி சொன்னாள். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். ஊசி போட்டு மரத்துப்போக வைத்து ஒரு துண்டு வெட்டினார்கள். திரும்பி வரும்போது கிண்டி தாண்டும்வரை அமலராணி என் கையை விடவே இல்லை.

இன்று காலை ரிசல்ட் வாங்க நான் மட்டும் போனேன். துணிக்கடை வேலை இருக்கிறது, நீங்கள் இரண்டு பேரும் அதைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். மச்சான், ஒன்றுமில்லை! பல் உரசி உரசி அந்த இடத்துச் சதை காய்த்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான். கல்யாணம் முடிந்து சாவகாசமாக வந்தால் கத்தரித்து விடுவார்களாம், வராவிட்டாலும் குற்றமில்லையாம். வீட்டில் சொன்னதும் உங்கள் தங்கை ஸ்தோத்திரம் பண்ணி, கேசரி கிண்டி, முனிரத்தினம் வீட்டுக்குக்கூட ஒரு கிண்ணம் அனுப்பினாள். "நா சொல்லல? சூடுதான் சார் அது" என்று அவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார். குருவானவர் ஊரில் இல்லாததால் தள்ளிப்போன மூன்றாம் ஓலை வரும் ஞாயிறு. குண்டூசி விஷயமாகக் குருவானவரிடம் பேசிவிட்டேன். ஆகையால் நீங்கள் கல்யாணத்துக்கு விருந்தாளியாக வந்தால் போதும், கோட்டை முதல் வரிசையில் உட்கார்ந்து போட்டுக்கொள்ளுங்கள்.

மதினிக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு முத்தங்கள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, இரண்டாம் வகுப்பில் ஜன்னலோர இடமும் தந்து, உங்களைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள,
தே. தேவானந்தம்

பின்குறிப்பு: மச்சான், மேலே உள்ளதை ரத்தினபாய் படித்துவிட்டாள். நான் எழுதும் எந்தக் கடிதமும் அவள் கண் படாமல் வெளியே போவதில்லை. ஓலை வாசித்த இடத்தில் சிரித்தாள், கடைசிக்கு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் படித்துச் சிரிக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதினேன். தபாலில் போட்டுவிட்டு வருகிறேன் என்று கவரை வாங்கிக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷனுக்கு வந்து, பிளாட்பாரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ரிசல்ட்டைப் பற்றி எழுதினது பொய். அது புற்றுநோய்தான்.

டாக்டர் முதலில், "கூட யாரும் வரலையா?" என்று கேட்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கன்னத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டுமாம், பிறகு கரெண்டு என்கிற கதிர்ச் சிகிச்சை வைக்க வேண்டுமாம். "கழுத்துக்குப் பரவல. இப்பவே வந்து படுத்தீங்கன்னா பொழைச்சுக்க நல்ல வழி இருக்கு. தள்ளிப்போட்டா இதையே என்னால சொல்ல முடியாது" என்றார். பெண் கல்யாணம் இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பொண்ணுக்கு அப்பா வேணுமா, போட்டோவில அப்பா முகம் வேணுமா?" என்று கேட்டார். அடுத்த திங்கட்கிழமைக்குள் படுக்கையில் வந்து சேரச் சொன்னார். வீட்டுக்கு வந்தபோது ரத்தினபாய் கேட்டில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றுமில்லை என்று வாயில் வந்துவிட்டது. வந்ததைத் திருப்பி எடுக்க என்னால் முடியவில்லை.

கல்யாணத்துக்காகத் தள்ளுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அதுவும் பொய். கல்யாணம் நான் இல்லாமலும் நடக்கும், நாள் மாறியும் நடக்கும், அமலராணி எதற்கும் சம்மதிப்பாள். எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். கத்தியை நினைத்துத்தான் பயம். நானாக எழுந்து அந்த ஆஸ்பத்திரி வாசலுக்குப் போக எனக்குத் தைரியம் இல்லை, போகாமல் இருந்துவிடுவேன் என்று எனக்கே தெரிகிறது. இதைக் கண்டதும் அன்றைக்கே ரயிலேறிப் புறப்பட்டு வாருங்கள். தந்தி வேண்டாம், தந்தியைப் பார்த்தால் அவள் பதறிவிடுவாள். வந்து உங்கள் தங்கையிடம் நீங்களே சொல்லுங்கள். சம்பந்தியிடமும் சொல்லுங்கள். அப்புறம் எல்லார் முன்னாலும் என்னை நன்றாக அதட்டுங்கள். நீங்கள் அதட்டினால் நான் போய்ப் படுத்துக்கொள்வேன்.